ஃபேக்டரிக்குள்ள நாணல், குட்டை, மரம்: தொழில் பண்றவங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் மில்லு, கார்மெண்ட் யூனிட், லாட்ஜ், ஹாஸ்டல்னு போயி கழிவுத்தண்ணி வேலையும் மழத்தண்ணி வேலையும் பாத்துக் குடுக்கறது தான் நம்ம பொழப்பு. போற எடத்துலயெல்லாம் மொதலாளிங்க கேக்கற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணே தான், ஃபோன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரேடியா எழுதி வச்சுட்டேன். பெரிய கம்பெனிக்காரங்களுக்கு இது தேவைப்படாது, அவங்ககிட்ட கன்சல்டன்ட் இருக்காங்க. 50 பேரு, 200 பேரு, 500 பேரு வச்சு தொழில் ஓட்டறவங்களுக்கு தான் இது.

கே: நம்மகிட்ட சரக்கு வாங்கற பையர் அனுப்புன ஃபார்ம்ல "இயற்கை சார்ந்த தீர்வு ஏதாச்சும் செய்யறீங்களா"ன்னு ஒரு கட்டம் இருக்கு. அப்படின்னா என்னங்க?

மெஷின் வச்சோ கான்கிரீட் வச்சோ செஞ்சுட்டு இருக்கற ஒரு வேலைய மண்ணு, செடி, வேரு, அந்த வேர்ல ஒட்டிட்டு இருக்கற கிருமி, குளம் குட்டை இதுங்ககிட்ட ஒப்படைக்கறது. அவ்வளவு தான். ப்ளோயர் போட்டு கழிவுத்தண்ணில காத்தடிக்கறதுக்கு பதிலா ஜல்லிப் படுகைல கல்வாழையும் நாணலும் வளத்து அது வழியா தண்ணிய விடறது. லாரித் தண்ணி வாங்கறதுக்கு பதிலா கூரத்தண்ணிய குட்டைல நிறுத்தி பூமிக்குள்ள எறக்கறது. கடலோரம் கல்லக் கொட்டறதுக்கு பதிலா அலையாத்தி மரம் வளக்கறது.

ஐயூசிஎன்னு ஒரு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கு, அவங்க 2020ல இதுக்குன்னு 8 அளவுகோல் போட்டாங்க. சுருக்கிச் சொன்னா, நெசமான பிரச்சன ஒண்ணு தீரணும், அந்த எடத்து பூச்சி புழு பறவைக்கும் நல்லது நடக்கணும், பக்கத்துல குடியிருக்கறவங்க வயித்துல அடிக்கக் கூடாது, கணக்கும் கட்டுப்படியாகணும். ஆபீஸ் முன்னாடி புல்தரை போட்டு போர் தண்ணிய ஊத்திட்டு இருக்கறது இதுல வராதுங்க, அது வெறும் அலங்காரம்.

"ஏரி, கலிங்கு, ஊரணின்னு நம்ம தாத்தன் பண்ணத தான வெள்ளக்காரன் புதுப் பேரு வச்சு நமக்கே விக்கறான்"னு ஒரு மில்லுக்காரர் கேட்டாரு. பாதி உண்மை தான். மீதி பாதி என்னன்னா தாத்தன் காலத்துல 300 பேரு சாப்படற கேன்டீன் கெடையாது, அந்தக் கழிவுக்கு ஏரியக் காமிச்சு தப்பிக்க முடியாது.

கே: மரம் நடறது தான? அதான் வருசா வருசம் ஜூன் 5ந் தேதி நட்டுட்டு இருக்கமே.

இங்க தான் நம்மாளுங்க எல்லாரும் வழுக்கி விழறாங்க. ஒரு தடவ ஒரு குளத்துக் கரைல 500 கன்னு நட்டாங்க, நானும் போயிருந்தேன், பந்தலு, மைக்கு, மோரு, எல்லார் கைலயும் புது மம்முட்டி. நாலு மாசம் கழிச்சு வேற வேலையா அந்தப் பக்கம் போனா ஆடு மேஞ்சுட்டு இருக்கு, மூங்கில் கூண்டு பாதி அடுப்புக்குப் போயிருச்சு, கம்பெனி பேரு போட்ட கிரானைட் பலகை மட்டும் நல்லா நிக்குது.

உங்க கம்ப்ரெசருக்கு லாக் புக் இருக்கு, சர்வீஸ் தேதி இருக்கு, ஃபில்டர் மாத்தணும்னு ஒருத்தர் பொறுப்பா இருக்காரு. கன்னுக்கு என்ன இருக்கு? நான் சொல்ல வர்றது மொத்தமும் இது ஒண்ணு தான்: குட்டையோ நாணல் படுகையோ மரமோ, அத உங்க சொத்துக் கணக்குல ஒரு மெஷினா ஏத்துங்க, அதுக்கு ஒரு ஆளு, ஒரு நோட்டு, வருசத்துக்கு கொஞ்சம் பராமரிப்புக் காசுன்னு ஒதுக்குங்க, அப்ப தான் அது வேல செய்யும், லாபமும் அப்ப தான் கண்ணுக்குத் தெரியும். விழாக் கணக்குல எழுதுனா விழாவோட முடிஞ்சுரும்.

கே: சரி, எனக்கு என்ன லாபம்? காசாச் சொல்லுங்க.

மொதல்ல தண்ணி. உங்க ஷெட்டுக் கூர 50,000 சதுர அடின்னு வைங்க, அது சுமார் 4,645 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழ பேஞ்சா 1 லிட்டர். கோவப் பக்கத்துக்கு வருசம் 600 மில்லிமீட்டர்னு வச்சுக்குங்க, சிந்தறது செதறறது 20 சதவீதம் கழிச்சா கைல நிக்கறது 22 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரின்னா 185 லோடு. உங்க ஊர் லாரி ரேட்ட நீங்களே பெருக்கிப் பாத்துக்குங்க, நான் சொன்னா மிகையாச் சொல்றேம்பீங்க. இதுல ஒரு உண்மையும் சொல்லிடறேன், பூமிக்குள்ள எறக்குன தண்ணி பூராவும் உங்க போர்லயே வந்து நிக்காது, பக்கத்துக் காட்டுக்காரர் கெணத்துக்கும் போகும், அதனால மொதல்ல சம்ப்ல புடிச்சு நேரா உபயோகிக்கறது எவ்வளவுன்னு பாருங்க, மிச்சத்த எறக்குங்க.

ரெண்டாவது கரண்டு. சாதாரண எஸ்டிபில, அதான் மெஷின் வச்சு கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்ல, ப்ளோயரு ராத்திரி பகலா ஓடணும், ஓடலன்னா கிருமி செத்து நாத்தமெடுக்கும். நாணல் படுகைல தண்ணி மேட்டுலருந்து பள்ளத்துக்கு தானா போகுது, மட்டம் சரியா அமைஞ்சா மோட்டாரே வேண்டாம், இல்லாட்டி ஒரு சின்ன மோட்டார் ஒரு மணி நேரம்.

மூணாவது தான் நெறைய பேரு கணக்குலயே எடுக்காதது, தொழில் நின்னு போற நாளு. 2019 ஜூன்ல மெட்ராஸ்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு கெடந்தப்ப ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனிங்க ஆளுங்கள வீட்லருந்தே வேல பாக்கச் சொல்லிட்டாங்க, ஓட்டலுங்க மத்தியானச் சாப்பாட்ட கொறச்சாங்க. ஜூலை 12ந் தேதி ஜோலார்பேட்டைலருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மேல போட்ட அதே கூரைய தூக்கிட்டுப் போயி மெட்ராஸ்ல வைங்க, அங்க வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர் கிட்ட மழ, 52 லட்சம் லிட்டர் வருது, அதாவது ரெண்டு ரயிலு. ஒரே ஒரு ஷெட்டுக்கூர!

அதுக்கு நாலு வருசம் முன்னாடி அதே ஊரு முழுகிக் கெடந்துச்சு. 2015 டிசம்பர் 1ந் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர். 1878ல ஆரம்பிச்ச 'தி இந்து' பேப்பரு டிசம்பர் 2ந் தேதி மெட்ராஸ்ல அச்சாகவே இல்ல, அவங்க சரித்திரத்துலயே மொதத் தடவ, காரணம் என்னன்னா பிரஸ்ல வேல பாக்கறவங்க மறைமலைநகர் போய்ச் சேர முடியல. பாருங்க, கட்டடத்த மேட்டுல கட்டுனா மட்டும் தொழில் ஓடாது, ஆளு வர்ற வழி, சரக்கு வர்ற வழியெல்லாம் பள்ளத்துல தான இருக்கு. பள்ளிக்கரணை மாதிரி சதுப்பு நெலத்த மூடி மூடி கட்டடம் போட்டதுக்கு அந்தக் கட்டடத்துக்குள்ள தொழில் பண்றவங்களே காசு கட்டறாங்க.

கே: பெரிய கம்பெனி யாராச்சும் செஞ்சு காசு மிச்சம் பண்ணிருக்காங்களா, இல்ல பேச்சு தானா?

பண்ணிருக்காங்க. அமெரிக்கால டெக்சாஸ் சீட்ரிஃப்ட்ல ஒரு கெமிக்கல் ஃபேக்டரி, அப்ப யூனியன் கார்பைடோடது, இப்ப டவ் கையில இருக்கு. ஆமா, போபால் யூனியன் கார்பைடே தான், பேரக் கேட்டா வயிறு எரியும், இருந்தாலும் இந்தக் கணக்கத் தெரிஞ்சுக்கணும். கடைசிக் கட்ட சுத்திகரிப்பு குட்டைல வெயிலுக்கு பாசி புடிச்சு, வெளிய போற தண்ணில மெதக்கற தூசு அளவு லிமிட்ட தாண்டுச்சு. வழக்கமான பிளான்ட் போட்டா 4 கோடி டாலர்னு எஸ்டிமேட் வந்துச்சு. அதுக்கு பதிலா 110 ஏக்கர்ல ஈரநெலம் ஒண்ணு உருவாக்குனாங்க, சுமார் 14 லட்சம் டாலர்ல வேல முடிஞ்சுது, 1990கள் நடுவுலருந்து ஓடுது. செடி நெழல் விழுந்தா பாசிக்கு வெயில் கெடைக்காது, விசயம் அவ்வளவு எளிமையானது. ஆனா ஒண்ணு, அவங்ககிட்ட 110 ஏக்கர் சும்மா கெடந்துச்சு, உங்களுக்கும் எனக்கும் அப்படி கெடக்குதா?

ஓமன்ல நிம்ர் எண்ணெய் வயல்லயும் இதே கத. எண்ணெயோட மேல வர்ற தண்ணிய முன்னெல்லாம் ரொம்ப ஆழத்துல திருப்பி பம்ப் பண்ணி தள்ளுவாங்க, அதுக்கே கரண்டு எக்கச்சக்கம். 2010 வாக்குலருந்து அத நாணல் படுகை வழியா சரிவுல ஓட விடறாங்க, பாலைவனத்து நடுவுல பறவ வந்து எறங்குது.

எனக்குப் புடிச்சது பிரான்ஸ் விட்டெல் கத. பாட்டில் தண்ணிக் கம்பெனி, ஊத்துத் தண்ணில நைட்ரேட் ஏற ஆரம்பிச்சுது, காரணம் மேல இருக்கற மக்காச்சோளக் காட்டுல கொட்டுன உரம். 'இயற்கை மினரல் வாட்டர்'னு பேரு போடணும்னா நைட்ரேட்ட மெஷின் வச்சு எடுக்கவும் முடியாது. என்ன பண்ணாங்கன்னா 1992ல அதுக்குன்னு தனியா ஒரு நிறுவனம் வச்சு விவசாயிங்ககிட்ட பல வருச ஒப்பந்தம் போட்டாங்க, மக்காச்சோளத்த விட்டுட்டு புல்லு வளருங்க, மாடு கம்மியா வைங்க, சாணிய மக்க வச்சுப் போடுங்க, அதுல வர்ற நஷ்டத்த நாங்க ஈடு கட்டறோம்னு. ஊத்து தப்பிச்சுது. அதுக்காக அந்தக் கம்பெனிய நான் தலைல தூக்கி வைக்கல, தன்னோட சில மினரல் வாட்டருக்கு அனுமதி இல்லாத ஃபில்டரும் யூவி லைட்டும் போட்டோம்னு 2024ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா தண்ணி கெடற எடத்துக்கே போயி விவசாயியோட பேசுன அந்த யோசனை இருக்கே, அது நம்ம ஊர்ல எந்தத் தொழிலுக்கும் ஆகும்.

கே: நாணல் படுகைன்னா என்ன? எனக்கு எவ்வளவு எடம் வேணும்?

200 பேரு பகல் ஷிஃப்ட் பாக்கற யூனிட்டுன்னு வைங்க. ஃபேக்டரில ஆளுக்கு 45 லிட்டர்னு போடறது வழக்கம், அப்ப ஒரு நாளைக்கு 9,000 லிட்டர். மொதல்ல செப்டிக் டேங்க், அதுலயே கனமானது படிஞ்சுரும். அடுத்து படுகை, சுத்தியும் அடியிலயும் தண்ணி கசியாத மாதிரி கட்டி, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு தண்ணி நிக்கற மாதிரி கழுவுன ஜல்லி, மேல கல்வாழை, சம்பு, நாணல். தண்ணி ஜல்லிக்குள்ள ஒரு மூணு நாளாவது தங்கணும், ஜல்லிக்கு நடுவுல இருக்கற சந்து மொத்தத்துல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல, அப்படிக் கணக்குப் போட்டா சுமார் 120 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்குல 3 சென்ட்டு. நாலு கார் நிறுத்தறதுக்கு ஷெட்டு போட்டு வச்சிருக்கீங்களே, அத ரெட்டிப்பா பாத்துக்குங்க. வெளிய வர்ற தண்ணி தோட்டத்துக்கு ஆகும், இன்னும் ஒரு மணல் ஃபில்டர் போட்டு குளோரினும் குடுத்தா டாய்லெட் ஃப்ளஷ்ஷுக்கு ஆகும். குடிக்கறதுக்கு ஆகாது, அத யாரும் யோசிக்கவே வேண்டாம்.

செடி சுத்தம் பண்ணுதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, உண்மைல ஜல்லிமேலயும் வேர்மேலயும் வழவழன்னு ஒட்டிட்டு இருக்கற கிருமி தான் பெரும்பாலான வேலையப் பாக்குது, செடி அதுக்கு வீடு கட்டிக் குடுக்குது, கொஞ்சம் காத்தும் குடுக்குது.

என்னோட மொதப் படுகை அடச்சுப் போச்சு, அதையும் சொல்லிடறேன். ஒரு நூல் மில்லு, பேரு வேண்டாம், தப்பு என்னுது. கேன்டீன் தண்ணியும் இதுலயே தான் வருதுன்னு தெரியும், ஆனா எண்ணெய் புடிக்கற தொட்டி போடாம விட்டுட்டேன், அப்புறம் போட்டுக்கலாம்னு. எட்டாவது மாசம் படுகைக்கு மேல தண்ணி நிக்குது. தண்ணி உள்ள வர்ற வாய்ப்பக்கம் ஜல்லிய அள்ளுனா மார்கழி மாசத்து நெய் மாதிரி வெள்ள வெள்ளயா கட்டி, கைல எடுத்தா வழுக்குது, நாத்தம் மூணு தடவ குளிச்சும் போகல. வாய்ப்பக்கத்து ஜல்லி பூராவும் எடுத்து கழுவி திருப்பிப் போட்டோம், அந்தச் செலவு நம்ம கைக்காசு. இப்ப எண்ணெய்த் தொட்டி கட்டாம நான் செங்கல்லே எறக்க விடறதில்ல.

கே: கொசு வராதா? நாத்தம்?

தண்ணி ஜல்லிக்கு ஒரு சாண் கீழ ஓடுது, மேல காஞ்ச ஜல்லி தான் தெரியும், அதனால கொசு முட்ட போட வழியில்ல. மேல தண்ணி தெரிஞ்சா அடச்சிருக்குன்னு அர்த்தம், உடனே பாருங்க. நாத்தம் வந்தாலும் அதே காரணம். தெறந்த குட்டைன்னா மீனு விடணும், ஆனா கம்பூசியா விடாதீங்க, அது வெளிநாட்டு மீனு, நம்மூரு மீன் குஞ்சையும் தவளையையும் சேத்து காலி பண்ணிரும்.

கே: சாயத் தண்ணிய இதுல விடலாமா?

விடாதீங்க. இத நான் எழுத்துல அழுத்திச் சொல்றேன், ஏன்னா "இயற்கை முறைல சாயக்கழிவ சுத்தம் பண்ணித் தர்றோம்"னு சொல்லிட்டு ஆளுங்க சுத்தறாங்க. சாயத்துல நெறம் கூட ஓரளவுக்கு போகலாம், உப்பு போகாது. செடி உப்பத் திங்காதுங்க, உள்ள 6,000 டிடிஎஸ் (தண்ணில கரஞ்சிருக்கற உப்போட அளவு) போனா வெளியவும் அதே வரும், வெயில்ல தண்ணி ஆவியானா இன்னும் கூடத் தான் வரும். அதுக்கு ஆர்ஓவும் ஆவியாக்கற மெஷினும் தான் வழி.

உப்ப ஆத்துல விட்டா என்னாகும்னு நம்மள விட யாருக்குத் தெரியும், விவசாயத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கற தொட்டியா மாறுச்சு, கீழ கரூர் வரைக்கும் காடு பாழாச்சு, கடைசில 2011 ஜனவரில ஹைகோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொல்லுச்சு. திருப்பூர்ல அப்ப தொழில் நின்ன நாளுங்கள நெனச்சா இன்னும் சில பேருக்கு தூக்கம் வராது. டாய்லெட், கேன்டீன், குளிக்கற தண்ணிக்கு நாணல். சாயத்துக்கு சிஇடிபி, அதாவது பட்டறைங்க சேந்து வச்சிருக்கற பொது சுத்திகரிப்பு பிளான்ட். ரெண்டையும் கலக்காதீங்க.

கே: எனக்கு எடமே இல்ல, சுவத்துக்கு சுவரு கட்டடம். என்ன பண்றது?

அப்ப படுகைய மறந்துருங்க, மழத்தண்ணியோட நிறுத்திக்குங்க. இல்லாட்டி எஸ்டேட்ல பத்து யூனிட்டு சேந்து ஒரு பொது எடத்துல பண்ணலாம், ஆனா பத்து மொதலாளிய ஒரே மேசைல உக்கார வைக்கறது இருக்கே, அது நாணல் வளக்கறத விட கஷ்டம்.

கே: காஞ்சு போன போர் ஒண்ணு இருக்கு, மழத்தண்ணிய நேரா அதுல விட்டுரலாமா?

கூரத்தண்ணியா, அதுவும் மொத மழய வெளிய விட்டுட்டு மணல் ஃபில்டர் வழியா விடுறீங்களா, சரி. வாசல் தண்ணின்னா கண்டிப்பா வேண்டாம். லாரி நிக்கற எடத்துல டீசல் ஒழுகிருக்கும், ஆயில் கெடக்கும், அது அத்தனையும் 600 அடிக்குக் கீழ போச்சுன்னா அத எவனும் எடுத்து சுத்தம் பண்ண முடியாது, நீங்களும் அத தான் குடிக்கணும். வாசல் தண்ணிக்கு புல்லு மொளச்ச ஆழமில்லாத ஓடை மாதிரி வெட்டி, அதுல மெதுவா ஓட விட்டு குட்டைக்கு கொண்டு போங்க, வண்டலும் பெருமளவு எண்ணெயும் வழியிலயே நிக்கும். வருசத்துக்கு ஒரு தடவ, ஆடிக்கு முன்னாடி, மேல் மண்ண சுரண்டி எடுத்துரணும்.

கே: பக்கத்துல இருக்கற குளத்த நாங்களே தூர் வாரலாமா?

பொக்லைன் கூட்டிட்டு நேராப் போயிராதீங்க. குளம் நீர்வளத்துறையோடதா, பஞ்சாயத்தோடதா, மாநகராட்சியோடதான்னு பாத்து எழுத்துல அனுமதி வாங்கணும், அள்ற மண்ணு எங்க போகுதுன்னு கணக்கும் வேணும், இல்லாட்டி மண்ணு திருடறாங்கன்னு கேஸு உங்க மேல வரும்.

அத விட முக்கியம், குளத்த மட்டும் தோண்டுனா தண்ணி வராது. கோவைல 2003ல தொழிலதிபருங்க சேந்து சிறுதுளின்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க, நொய்யல், அதச் சேந்த குளங்க, வாய்க்காலுன்னு வேல பண்ணாங்க, அதுலருந்து நாம எடுத்துக்க வேண்டியது குளத்துக்கு முன்னாடி வாய்க்காலப் பாக்கணும்கறது. அணைக்கட்டுலருந்து வர்ற வாய்க்காலு அடச்சிருந்தா நீங்க 20 அடி தோண்டியும் வெறும் பள்ளம் தான். நடுவுல ஆழம், ஓரம் சரிவா விடுங்க, தொட்டி மாதிரி செங்குத்தா வெட்டிட்டா கொக்கு நாரை எறங்க எடமிருக்காது, மாடு எறங்கி ஏறவும் முடியாது. கரைய சுத்தி கான்கிரீட் நடைபாதையும் கலர் லைட்டும் போட்டுட்டு அத இயற்கைன்னு சொல்றவங்ககிட்ட நான் வாதாடறதே இல்ல.

கே: சிஎஸ்ஆர் காசுல, அதான் கம்பெனிங்க சமூகத்துக்குன்னு ஒதுக்கற காசுல, இதெல்லாம் பண்ணிரலாமா?

கம்பெனி சட்டம் 135வது பிரிவுப்படி கடன் போக நிகர சொத்து மதிப்பு 500 கோடி, இல்ல விற்பனை 1,000 கோடி, இல்ல நிகர லாபம் 5 கோடி, இதுல ஏதாச்சும் ஒண்ணு தாண்டுனா மூணு வருச சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும். ஊர்க்குளம் இதுல வரும். உங்க காம்பவுண்டுக்குள்ள உங்க கழிவுக்கு போடற படுகை வராது, அது உங்க தொழில் செலவு. ஆனா அதுல ஒரு நன்மை பாருங்க, சிஎஸ்ஆர் செலவ வருமான வரில பிசினஸ் செலவா கழிக்க முடியாது, தொழிலுக்குன்னு நெசமா பண்ண செலவுக்கு அந்தத் தட கெடையாது. ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க. சிஎஸ்ஆர்ல தான் பண்ணுவேன்னு அடம் புடிக்கறவங்க பெரும்பாலும் ஃபோட்டோவுக்கு தான் பண்றாங்க, என் அனுபவத்துல சொல்றேன்.

கே: பையருங்களுக்கு திடீர்னு ஏன் இந்த அக்கற?

அக்கறைன்னு யாரு சொன்னா, அவங்களுக்கு மேல கேக்கறாங்க. இங்க பங்குச் சந்தைய கண்காணிக்கற செபி, சந்தைல பட்டியல் போட்ட பெரிய 1,000 கம்பெனிங்க தண்ணி, கழிவு, கரண்டு கணக்கெல்லாம் வருசா வருசம் குடுக்கணும்னு 2022-23லருந்து கட்டாயம் பண்ணிருச்சு. வெளிநாட்டுப் பையருக்கு அவங்க நாட்டுல இதே மாதிரி. அவங்க பண்ற ஆர்டருக்கு ஆகற தண்ணில ஒரு பங்கு உங்க ஷெட்ல தான் செலவாகுது, அதனால கேள்வி உங்களுக்கு வருது. தண்ணி மீட்டர் மாட்டி ரெண்டு வருச ரீடிங் கைல வச்சிருக்கறவரு அந்த ஃபார்ம பத்து நிமிசத்துல நெரப்பறாரு, மத்தவங்க ராத்திரி எனக்கு ஃபோன் பண்றாங்க.

கே: கடலோரம் ரிசார்ட் வச்சிருக்கேன், எறால் பண்ணை வச்சிருக்கேன். எனக்கு நாணலா?

உங்களுக்கு அலையாத்தி. பிச்சாவரத்துல வெள்ளக்காரன் காலத்துல காட்ட கூட்டங்கூட்டமா வெட்டுனதுல நடு எடம் தாழ்ந்து பள்ளமாயி, உள்ள வந்த கடல் தண்ணி வெளிய போக முடியாம நின்னு காஞ்சு உப்பேறிப் போச்சு, கன்னு வச்சா நிக்கல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் என்ன பண்ணுச்சுன்னா மீன் முள்ளு மாதிரி நடு வாய்க்காலும் பக்க வாய்க்காலுமா வெட்டி ஓதத் தண்ணி உள்ள வந்து வெளிய போக வழி பண்ணுச்சு, அதுக்கப்புறம் தான் கன்னு புடிச்சுது. மரத்த நடறதுக்கு முன்னாடி தண்ணி ஓட்டத்த சரி பண்ணணும், குளத்துக்கு சொன்ன அதே கத தான். எறாலும் மீனும் குஞ்சா வளர்றது அந்த வேருக்கு நடுவுல, அதனால காட்ட வெட்டிட்டு பண்ணை போடறது சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், சொந்தக் கைய வெட்டிக்கற வேலைங்கறது இன்னொரு பக்கம்.

மெக்சிகோல கான்கூன் பக்கம் ஒண்ணு பண்ணாங்க, எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. கடலுக்குள்ள இருக்கற பவளப்பாறை அலைய ஒடச்சுருது, அதனால தான் ஹோட்டலுங்க முன்னாடி மணல் நிக்குது. அங்க மாநில அரசும் சுற்றுலாத் தொழில்காரங்களும் சேந்து அந்தப் பாறைக்கே இன்சூரன்ஸ் எடுத்தாங்க, காரு பைக்குக்கு எடுக்கற மாதிரி. காத்து இவ்வளவு வேகத்துக்கு மேல அடிச்சா சேதத்த அளக்காமலே காசு வந்துரும். 2020 அக்டோபர்ல டெல்டா புயல் அடிச்சப்ப சுமார் 8 லட்சம் டாலர் வந்துச்சு, அத வச்சு ஒடஞ்ச பவளத்த எடுத்து ஒட்டுனாங்க.

கே: டீ எஸ்டேட்டுக்கு?

வால்பாறைக்கு ஒரு தடவ போய்ட்டு வாங்க. தேயிலக்கு நடுவுல துண்டு துண்டா நிக்கற சோலைக்காட்ட எஸ்டேட் கம்பெனிங்களோட ஒப்பந்தம் போட்டு நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் 2000களோட தொடக்கத்துலருந்து நம்மூரு மரமா வச்சு மீட்டுட்டு வர்றாங்க. எஸ்டேட்டுக்கு ஓடையில தண்ணி, மண்ணு அரிக்காம இருக்கறது, சர்டிஃபிகேட்டுல மதிப்பு. ஆனை போக வழியும் கெடைக்குது.

கே: கார்பன் கிரெடிட் (மரம் உள்ள இழுக்கற கரியமில வாயுவுக்கு குடுக்கற சர்டிஃபிகேட்டு) வித்து காசு பாக்கலாம்னு ஒருத்தர் வந்தாரு.

அரை ஏக்கர் தோப்புக்கா? அளந்து, சரிபாத்து, பதிவு பண்ற செலவே வர்ற காசத் தாண்டிரும். டீய குடுத்து அனுப்பிருங்க.

கே: போட்ட காசு எத்தன வருசத்துல திரும்பும்?

பொதுவா ஒரு நம்பர் சொன்னா அது பொய். நீங்க மூணு நோட்ட எடுத்துட்டு உக்காருங்க: போன வருசம் லாரித் தண்ணிக்கு குடுத்தது, எஸ்டிபி கரண்டுக்கும் அதுல தேங்கற சேறு, அதான் ஸ்லட்ஜ், அள்றதுக்கும் குடுத்தது, தண்ணி இல்லாமயோ வெள்ளத்துலயோ ஷிஃப்ட் நின்ன நாளு. அதுல எவ்வளவு கொறையும்னு கஞ்சத்தனமா போடுங்க, அப்புறம் கட்டுற செலவ அதால வகுங்க. புதுசா எஸ்டிபி போட வேண்டிய எடத்துல படுகை போட்டா கணக்கு சீக்கிரம் நேராகும், ஏற்கனவே நல்லா ஓடற எஸ்டிபிய இடிச்சுட்டு போட்டா நேராகாது, அப்படி கேட்டவங்ககிட்ட வேண்டாம்னே சொல்லிருக்கேன். செடி வேரு புடிக்க ஆறு மாசம் ஆகும், அதுக்கு முன்னாடி லேப்ல குடுத்து ரிப்போர்ட்டப் பாத்துட்டு என்னத் திட்டாதீங்க. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல கன்சென்ட், அதான் அனுமதி, வாங்கணும்ல, அங்கயும் அவங்க பாக்கறது கடைசில வெளிய வர்ற தண்ணியோட ரிசல்ட்ட தான், அதனால டிசைன முன்னாடியே காமிச்சுப் பேசிருங்க.

கே: இத யாரு பாத்துக்கறது? எங்ககிட்ட அதுக்கு ஆளில்ல.

ஒரு ஹாஸ்டல்ல தோட்ட வேல பாக்கற அக்கா ஒருத்தங்க தான் பாத்துக்கறாங்க. காலைல வந்ததும் எண்ணெய்த் தொட்டி மூடியத் தெறந்து ஏட்ட அள்ளி பக்கெட்ல போடறது, படுகை ஓரத்துல இருக்கற குழாய்க்குள்ள குச்சிய விட்டு தண்ணி மட்டம் பாக்கறது, ஒரு சாணுக்கு மேல வந்திருந்தா சூப்பர்வைசருக்கு சொல்றது, சுவத்துல கரித்துண்டுல ஒரு கோடு. மூணு மாசத்துக்கு ஒருக்கா பழுத்த கல்வாழைய அறுத்து மக்கப் போடறாங்க. மொத்தமும் காலைல இருவது நிமிச வேல. அவங்க லீவு போட்ட ரெண்டு வாரத்துல தான் அங்க மொதத் தடவ நாத்தம் வந்துச்சு. இப்ப அவங்களுக்கு இதுக்குன்னு தனியா மாசம் கொஞ்சம் சேத்துக் குடுக்கறாங்க, அது நான் சண்ட போட்டு வாங்கிக் குடுத்தது.

கே: நேர்ல பாக்கணும், எங்க போலாம்?

பாண்டிச்சேரி தவளக்குப்பத்துல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, அங்க கழிவுத்தண்ணி செடிப் படுகை, குட்டை வழியா சுத்தமாயி தோட்டத்துக்குப் போகுது, பக்கத்துலயே ஆரோவில்லயும் நெறைய இருக்கு. ரொம்ப தூரம் போறீங்கன்னா கல்கத்தா கிழக்குச் சதுப்பு நெலம், 12,500 ஹெக்டேரு, ஊர் சாக்கடத் தண்ணில மீன் வளத்து ஊருக்கே விக்கறாங்க. போறதுன்னா சித்திர வைகாசில போங்க, ஐப்பசில போனா எல்லாமே பச்சயா தான் தெரியும், எது வேல செய்யுதுன்னு புரியாது. பாக்கறப்ப மொதலாளிகிட்ட பேசாதீங்க, தோட்டக்காரர்கிட்ட பேசுங்க.

கே: கடைசியா ஒண்ணு, பாம்பு வருமா?

வரலாம். எலி இருந்தா வரும், எலி வர்றது கேன்டீன் மிச்சத்த பக்கத்துல கொட்டறதால. படுகைய சுத்தி ரெண்டடிக்கு வெறும் ஜல்லி விடுங்க, செடிய இடுப்பு உயரத்துக்கு மேல விடாதீங்க, பாத்துக்கறவங்களுக்கு முட்டி வரைக்கும் வர்ற கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் குடுங்க. டார்ச்சும் ஒண்ணு.